நட்புப் பட்டியலில் யாருக்கு இடம்?

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். இறைவணக்கக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். நூறு நாள் வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்குக்கூட வர முடியாதவர். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டு அருகில் போனேன்.

"இல்லைங்க டீச்சர். அந்த மூவாயிரம்... அவசரம்னு கேட்டீங்களே. இன்னைக்குக் குழுவுக்குத் தவணை கட்டணும். இருந்தா..." என்று தயங்கினார்.

"எந்த மூவாயிரம்?" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வாங்கிய பணத்தை இல்லை என்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

பிறகு மகளை அழைத்து விசாரித்தபோதுதான் விவரம் புரிந்தது. விடுமுறையில் என் பெயரிலும் என் படத்திலும் ஒரு சமூக வலைதளக் கணக்கிலிருந்து அவளுக்கு நட்பு அழைப்பு வந்திருக்கிறது. மகிழ்ச்சியோடு ஏற்றிருக்கிறாள். இரண்டு நாள் நலம் விசாரிப்பு. மூன்றாம் நாள், "மருத்துவமனையில் இருக்கிறேன், அவசரமாகப் பணம் வேண்டும், நாளை தந்துவிடுகிறேன்" என்று ஒரு செய்தி. "தமிழம்மா கேக்குறாங்க" என்று மகள் சொன்னதும், மகளிர் சுய உதவிக் குழுத் தவணைக்காக எடுத்து வைத்திருந்த 3,000 ரூபாயைத் தெருமுனைக் கடைக்காரரிடம் கொடுத்து, அவருடைய கைப்பேசியிலிருந்து அனுப்பச் சொல்லியிருக்கிறார் அந்தத் தாய். வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்.

அன்று மாலைக்குள் இன்னும் சில மாணவர்களுக்கும் அதே அழைப்பு வந்திருந்தது தெரியவந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், பள்ளி மலருக்கு வேண்டும் என்று வகுப்புத் தோழிகளின் படங்களைக் கேட்டிருக்கிறார்கள். அவன் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். "'தேவை படுகிறது'ன்னு ஒற்று இல்லாம வந்துச்சு. நீங்க அப்படி எழுத மாட்டீங்களே அம்மா" என்றான். இருபது ஆண்டுகளாக ஒற்றுப்பிழையைச் சுழித்துக்கொண்டிருப்பதற்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இந்த நிகழ்வுக்குப் பிறகு என் நட்புப் பட்டியலை எப்படிச் சரிசெய்தேன், அதிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடத்தை எப்படி உருவாக்கினேன் என்பதை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வாசலைத் திறந்து வைத்தது யார்?

முதலில் எனக்கு வந்தது கோபம். யாரோ ஒருவர் என் பெயரைத் திருடிவிட்டார் என்ற கோபம். வீட்டில் அமர்ந்து என் கணக்கைத் திறந்து பார்த்தபோது கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்கமாக மாறியது.

என் பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். உடன் படித்தவர்கள், உறவினர்கள், ஆசிரியர் பயிற்சிகளில் சந்தித்தவர்கள், என் கவிதைக்கு விருப்பக்குறி இட்டவர்கள், யாரென்றே தெரியாதவர்கள், நம் மாணவர்கள் என எல்லாரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். யார் அழைப்பு அனுப்பினாலும் ஏற்றுவிடுவது என் வழக்கம். மறுப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருந்தேன். அந்தப் பட்டியலை உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலையில் வைத்திருந்தேன். என் படம், பணிபுரியும் பள்ளி, ஆண்டு விழாவில் மாணவர்களோடு எடுத்த படங்கள், படங்களில் அவர்களுடைய பெயர்கள் எல்லாமே பொதுவெளியில் இருந்தன.

போலிக் கணக்கு தொடங்கியவர் பெரிய தொழில்நுட்ப அறிவாளியாக இருந்திருக்கத் தேவையில்லை. என் படத்தை எடுத்துப் புதிய கணக்கு தொடங்கியிருக்கிறார். என் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறார். என்னைப் போலவே யோசிக்காமல் ஏற்கும் சிலர் முதலில் ஏற்றிருக்கிறார்கள். அதன் பிறகு அழைப்புப் பெற்ற ஒவ்வொருவருக்கும் 'பொது நண்பர்கள்' என்று ஓர் எண்ணிக்கை தெரிந்திருக்கிறது. என் மாணவிக்கு அந்த எண் நாற்பதைத் தாண்டிக் காட்டியிருக்கிறது. "நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் இருந்தாங்க அம்மா. அதான் நீங்கதான்னு நினைச்சேன்" என்றாள்.

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை உலுக்கியது. நம் பட்டியலில் யார் இருக்கிறார் என்பது நம் சொந்த விருப்பம் மட்டுமே என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நான் ஒருவரை ஏற்கும்போது, என்னை நம்பும் எல்லாருக்கும் முன்னால் அவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன். ஆசிரியரின் கையெழுத்துக்கு ஊரில் மதிப்பு அதிகம். அந்த மதிப்பு அப்படியே போலிக்கும் போய்ச் சேர்கிறது.

உடனே செய்தவை

தலைமையாசிரியரிடம் தெரிவித்தேன். மறுநாள் காலைக் கூட்டத்தில் நானே நின்று, என் பெயரில் உள்ள அந்தக் கணக்கு என்னுடையது அல்ல என்று அறிவித்தேன். பணம் ஏமாற்றப்பட்டால் அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணில் அந்தத் தாயை வைத்துக்கொண்டே புகார் பதிவு செய்தோம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பிறர்போல் நடித்துக் கணினி வழியே ஏமாற்றுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

போலிக் கணக்கை நீக்க, அந்தக் கணக்கின் பக்கத்திலேயே புகார் அளிக்கும் வசதி உண்டு. 'வேறொருவர்போல் நடிக்கிறார்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, அவருடைய நண்பர்களும் புகார் அளிக்கலாம். உடன் பணிபுரியும் ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து புகார் அளித்தோம். இரண்டு நாளில் கணக்கு நீங்கியது.

பணம் திரும்பவில்லை. பணம் பறிபோனவுடன் அழைத்தால் அது கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் அழைக்கும்போது ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்த 3,000 ரூபாயை நான் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். "நீங்க ஏன் டீச்சர் குடுக்கணும்?" என்றார். "என் பேரைச் சொல்லித்தானே வாங்கினாங்க" என்று சொல்லி, அன்றைய தவணைக்கு முன்பாக வாங்க வைத்தேன்.

பட்டியலைச் சுருக்கினேன்

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பட்டியலோடு அமர்ந்தேன். முகநூல் ஒருவருக்கு 5,000 நண்பர்கள் வரை அனுமதிக்கிறது. ஆனால் ஒரு மனிதர் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறத்தாழ 150 என்று பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990-களில் எழுதினார். அந்த எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. என்றாலும், என் பட்டியலில் கீழே போகப் போக டன்பார் சொல்வதில் உண்மை இருப்பதாகத்தான் பட்டது. இருநூறு பேரைத் தாண்டியதும் முகங்கள் நினைவுக்கு வரவில்லை.

யாரென்று தெரியாதவர்களை நீக்கினேன். நீக்கப்பட்டவருக்கு அறிவிப்பு எதுவும் போவதில்லை என்பதால் மனக்கசப்புக்கு அஞ்சத் தேவையில்லை. என் எழுத்துக்காக வந்தவர்கள் நண்பராக இல்லாமல் பின்தொடர்பவராக இருந்தாலே போதும். அமைப்புகளில் மூன்று மாற்றங்களைச் செய்தேன். என் நட்புப் பட்டியலை நான் மட்டுமே பார்க்க முடியும். நண்பர்களின் நண்பர்கள் மட்டுமே எனக்கு அழைப்பு அனுப்ப முடியும். பழைய பதிவுகள் அனைத்தும் நண்பர்களுக்கு மட்டுமே தெரியும். முகநூலில் 2020 முதல் இந்தியப் பயனர்களுக்கு உள்ள 'புரொஃபைல் லாக்' வசதியும் பயன்படும். வாட்ஸ்அப்பில், நம்மைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கால்மணி நேரம்தான் ஆகும்.

வகுப்பறையில்: முதல் முயற்சி தோற்றது

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் இதைப் பற்றிப் பேசினேன். "தெரியாதவர்களை நண்பர்களாகச் சேர்க்காதீர்கள்" என்று தொடங்கி ஒரு பாடவேளை முழுவதும் அறிவுரை சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். "யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது?" என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. எல்லாரிடமும் கணக்கு இருப்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அறிவுரை தொடங்கியதுமே பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மறுவாரம் வேறு விதமாகத் தொடங்கினேன். என் பட்டியல் எப்படி இருந்தது, நான் செய்த தவறுகள் என்னென்ன, அதனால் யாருக்கு என்ன ஆனது என்பதை மாணவியின் பெயர் சொல்லாமல் கூறினேன். "நீங்களுமா அம்மா?" என்று ஒருவன் கேட்டான். அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். பின்வரும் செயல்பாட்டுக்கு இரண்டு பாடவேளைகள் போதும். கைப்பேசி தேவையில்லை. கரும்பலகையும் சில துண்டுச் சீட்டுகளும் போதும்.

செயல்பாடு 1: சொற்களைத் தேடுவோம்

"நமக்கு அறிமுகமான ஒருவரைக் குறிக்க எத்தனை சொற்கள் இருக்கின்றன?" என்று கேட்டேன். கரும்பலகை நிரம்பியது. தெரிந்தவர், அறிமுகமானவர், பழக்கமானவர், வேண்டியவர், வேண்டப்பட்டவர், அக்கம்பக்கத்தார், ஊர்க்காரர், கூட்டாளி, சேக்காளி, தோழி, நண்பர், உற்றவர், உறவினர், விருந்தாளி, வழிப்போக்கர்.

"இவர்கள் எல்லாரையும் கைப்பேசி எப்படி அழைக்கிறது?" என்று கேட்டேன். "ஃப்ரெண்டு" என்று வகுப்பே சொன்னது. சிக்கல் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கே புரிந்துவிட்டது. நம் மொழி பிரித்து வைத்திருக்கும் பதினைந்து பேரையும் கைப்பேசி ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது. அவரவரை அவரவர் இடத்தில் மீண்டும் வைப்பதுதான் நம் வேலை.

செயல்பாடு 2: வீட்டை வரைவோம்

கரும்பலகையில் ஒரு பழைய வீட்டை வரைந்து நான்கு இடங்களைக் குறித்தேன். தெரு, திண்ணை, கூடம், அடுக்களை. தெருவில் யாரும் நடக்கலாம். திண்ணையில் வழிப்போக்கரும் உட்காரலாம், தண்ணீர் கொடுப்போம், பேசுவோம். கூடத்துக்குள் வருபவர் நம் வீட்டாருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அடுக்களை வரை வருபவர் நாலைந்து பேர்தான்.

பிறகு, எந்தச் செய்தியை எந்த இடத்தில் வைக்கலாம் என்று மாணவர்களையே கேட்டேன். பள்ளி வென்ற கோப்பையின் படம் தெருவுக்குப் போகலாம். பிடித்த பாட்டு, விளையாட்டு பற்றிய பேச்சு திண்ணைக்கு. குடும்பப் படம், பிறந்தநாள், வீடு இருக்கும் தெரு, டியூஷன் போகும் நேரம் எல்லாம் கூடத்துக்கு மட்டும். மனக்கவலையும் வீட்டுச் சண்டையும் அடுக்களைக்கு. "அப்போ பாஸ்வேர்டு?" என்று ஒருத்தி கேட்டாள். பின்னிருக்கையிலிருந்து பதில் வந்தது: "அது பீரோ சாவி. அம்மாகிட்ட மட்டும்தான்."

செயல்பாடு 3: அழைப்புச் சீட்டுகள்

வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சீட்டு கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நட்பு அழைப்பு. ஏற்கலாமா, எந்த இடம் வரை என்று குழு முடிவு செய்து காரணத்தோடு சொல்ல வேண்டும்.

1. நம் பள்ளியில் முன்பு படித்த, பக்கத்துத் தெரு அக்கா.
2. முகப்பில் நடிகர் படம் வைத்திருப்பவர். பொது நண்பர்கள் 12 பேர்.
3. இணைய விளையாட்டில் மூன்று மாதமாக உங்கள் அணியில் ஆடுபவர். முகம் பார்த்ததில்லை.
4. சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன். ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறார். புதிய கணக்கிலிருந்து மறுபடி அழைப்பு.
5. பாட்டுப் போட்டிக்கு ஆள் தேடுவதாகச் சொல்லும் ஒரு கணக்கு.
6. நட்பு அழைப்பை ஏற்காவிட்டால் பேச மாட்டேன் என்று சொல்லும் வகுப்புத் தோழி. அவளுடைய பட்டியலில் யார் யாரோ இருக்கிறார்கள்.

முதல், இரண்டாம், ஐந்தாம் சீட்டுகளுக்கு விரைவில் விடை வந்தது. நான்காம் சீட்டில் பெரும்பாலோர் "சித்தப்பா மகன்தானே" என்று ஏற்றார்கள். "ஏற்கெனவே இருப்பவர் ஏன் மறுபடி வருகிறார்?" என்று ஒரே ஒரு மாணவி கேட்டாள். அவருக்குப் போன் செய்து கேட்பதுதான் சரி என்று குழு முடிவு செய்தது. என் மாணவியும் எனக்கு ஒரு போன் செய்திருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும். ஆனால் விடுமுறையில் ஆசிரியரை அழைக்கலாமா என்ற தயக்கம் அவளுக்கு இருந்திருக்கிறது. "என் பெயரில் என்ன வந்தாலும் என்னிடம் கேளுங்கள், எந்த நேரமானாலும் திட்ட மாட்டேன்" என்று அன்று வகுப்பில் சொன்னேன்.

மூன்றாம் சீட்டில்தான் பெரிய விவாதம் நடந்தது. பார்க்காதவரை நம்பக் கூடாது என்றது ஒரு பக்கம். அப்போது ஒரு மாணவன் எழுந்தான். "பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்க்காமலேயேதானே அம்மா நண்பர்களா இருந்தாங்க? நீங்கதானே நடத்துனீங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. நேரில் பழகாமலும் நட்பு உண்டாகும் என்று வள்ளுவரும் சொல்கிறார் என்பது வேறு நினைவுக்கு வந்தது. "நல்ல கேள்வி, யார் பதில் சொல்கிறீர்கள்?" என்று வகுப்பிடமே விட்டேன். சற்று நேரம் கழித்து ஒரு மாணவி சொன்னாள்: "பிசிராந்தையார் ராஜாகிட்ட எதுவுமே கேக்கலையே அம்மா. போட்டோ கேக்கலை, காசு கேக்கலை. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லலை. ராஜா வடக்கிருந்தப்போ அவராத்தான் வந்தாரு."

புறநானூறு காட்டும் நிகழ்வு அதுதான். பிசிராந்தையார் வருவார், அவருக்கும் இடம் ஒதுக்குங்கள் என்று சோழன் சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். அவர் வந்தார். ஊருக்கே தெரிந்த நட்பு அது, யாரிடமும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. விளையாட்டில் அறிமுகமானவர் கெட்டவர் என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. அவர் திண்ணையில் இருக்கட்டும், விளையாட்டைப் பற்றிப் பேசலாம், வீடு, பள்ளி, படம் பற்றி வேண்டாம், 'யாரிடமும் சொல்லாதே' என்று அவர் சொல்லும் நாளில் திண்ணையிலிருந்தும் இறக்கிவிட வேண்டும் என்று வகுப்பு முடிவு செய்தது. 'பேசவே கூடாது' என்று நான் சொல்லியிருந்தால் அந்த மாணவன் பேச்சை நிறுத்தியிருக்க மாட்டான். என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்தியிருப்பான்.

ஆறாம் சீட்டு பிள்ளைகளுக்கு மிகவும் கடினமாக இருந்தது. மறுப்பது எப்படி என்பதை நடித்துப் பார்த்தோம். பெரியவர்கள் மீது பழியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். "அம்மா போன், எங்களால முடியாது" என்றும் சொல்லலாம். "தமிழம்மா திட்டுவாங்க" என்றும் சொல்லலாம்.

செயல்பாடு 4: நான்கு கேள்விகள்

விவாதங்களின் முடிவில் மாணவர்கள் நான்கு கேள்விகளைத் தொகுத்து அட்டையில் எழுதி வகுப்பில் ஒட்டினார்கள்.

1. இவரைக் கைப்பேசிக்கு வெளியே எனக்கோ என் வீட்டாருக்கோ தெரியுமா?
2. அழைப்பு அனுப்பியவர் அவர்தான் என்று நேரிலோ போனிலோ கேட்டேனா?
3. இவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து குடும்பப் படங்களைப் புரட்டினால் எனக்குச் சங்கடமாக இருக்குமா?
4. என் பட்டியலில் இவரைப் பார்த்து என் தங்கையும் இவரை நம்பினால், நான் பொறுப்பேற்பேனா?

முதல் மூன்று கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொன்னவர்கள் நான்காவதில் நின்றுவிட்டார்கள். தனக்கு வரும் ஆபத்தைப் பதின்பருவப் பிள்ளைகள் பெரிதாக எண்ணுவதில்லை. தங்கைக்கு வரும் என்றால் யோசிக்கிறார்கள்.

திருக்குறளோடு இணைத்தல்

நட்பைப் பற்றித் திருக்குறளில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. நட்பைச் சொன்னவுடனேயே ஆராய்தலைச் சொல்கிறார் வள்ளுவர். ஆராயாமல் கொண்ட நட்பிலிருந்து விடுதலை இல்லை என்ற கருத்தை விளக்கியபோது, "இப்போ அன்ஃப்ரெண்ட் பண்ணிடலாமே அம்மா" என்றான் ஒருவன். "அதற்குள் அவர் எடுத்து வைத்துக்கொண்ட உன் படத்தையும் அன்ஃப்ரெண்ட் செய்ய முடியுமா?" என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. அதிகாரம் 80-ஐ நான் இதைவிட நன்றாக நடத்தியதில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு

முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் கணக்கு தொடங்கக் குறைந்தபட்ச வயது 13. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் அம்மாவின் கைப்பேசி அவர்கள் கையில்தான் இருக்கிறது. 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு வீட்டை வரையும் செயல்பாடு மட்டும் போதும். "கதவைத் தட்டுவது யார்?" என்று விளையாட்டாக நடத்தலாம். ஒரு பிள்ளை கதவுக்கு வெளியே நின்று "நான்தான் மாமா" என்று குரலை மாற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் பிள்ளை, கேள்வி கேட்டு உண்மை மாமாவா என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் பெரியவர்களை அழைக்க வேண்டும். திரைக்கும் இதே விதி என்று கடைசியில் ஒரு வரி சொன்னால் போதும்.

நம் பட்டியலில் மாணவர்கள் இருக்கலாமா?

ஆசிரியர்களிடையே இதில் இரு கருத்துகள் உண்டு. மாணவர்களோடு நெருக்கம் வளரும், அவர்கள் மனநிலை தெரியும் என்பார்கள் சிலர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது என் முடிவு வேறு. பள்ளியில் படிக்கும் எந்த மாணவரையும் என் தனிப்பட்ட பட்டியலில் சேர்ப்பதில்லை. பள்ளிப்படிப்பை முடித்து 18 வயதைக் கடந்தவர்களை, நேரில் தெரிந்தால் ஏற்கிறேன். பாடம் தொடர்பான செய்திகள், பெற்றோரும் இன்னோர் ஆசிரியரும் இருக்கும் வகுப்புக் குழுவில் மட்டும். தனிச்செய்தி இல்லை.

இதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லா வகுப்பிலும் சொல்லிவிடுகிறேன். "நான் யாருக்கும் நட்பு அழைப்பு அனுப்ப மாட்டேன். என் பெயரில் வந்தால் அது நான் இல்லை." எல்லாருக்கும் ஒரே விதி என்பதால் யாரும் வருந்துவதில்லை. போலி வந்தாலும் உடனே அடையாளம் தெரிந்துவிடும். பள்ளி விழாப் படங்களை இடுவதாக இருந்தால், மாணவர் பெயரும் வகுப்பும் சேர்க்காமல் இடலாம்.

ஒரு மாணவர் சிக்கலோடு வந்தால்

நாம் எவ்வளவு சொன்னாலும் ஏதோ ஒரு பிள்ளை ஏதோ ஓர் அழைப்பை ஏற்கத்தான் செய்யும். அப்போது அது முதலில் நம்மிடம் வர வேண்டும். வந்தவுடன், "ஏன் சேர்த்தாய்?" என்று கேட்காதீர்கள். "சொன்னது நல்லது" என்று தொடங்குங்கள். மிரட்டும் செய்திகளை அழிக்கச் சொல்லாதீர்கள், அவைதான் சான்று. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆனால் பிள்ளையின் அந்தரங்கப் படம் எதையும் உங்கள் கைப்பேசிக்கு வாங்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பணம் தொடர்பானது என்றால் 1930. குழந்தைகள் உதவிக்கு 1098. நம் துறையின் உதவி எண் 14417. பாலியல் நோக்கில் படம் கேட்பது, மிரட்டுவது போன்றவை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ் வரும். அச்சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இதில் பள்ளிக்குள் பேசி முடித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. நடந்ததற்குப் பிறகு பல நாள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள். தன்னால்தான் அம்மாவின் பணம் போனது என்ற குற்ற உணர்வு. வகுப்பில் என் தவறை நான் சொன்ன பிறகுதான் மெல்ல நிமிர்ந்தாள். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு இந்தச் செயல்பாட்டை மறுபடி நடத்தியபோது, அழைப்புச் சீட்டுகளை எழுதித் தரட்டுமா என்று அவளே கேட்டு வந்தாள். ஏழாவதாக ஒரு சீட்டைச் சேர்த்திருந்தாள்: "உங்கள் டீச்சர். பொது நண்பர்கள் 41 பேர்."